நாற்பதைத் தாண்டிய சென்டரை அணியில் சேர்க்கலாமா? காரைக்குடிக் கணக்கு

வயது 41. உயரம் ஆறடி ஐந்து அங்குலம். பேங்க் கூடைப்பந்து அணியில் பல வருடம் ஆடியவர், இப்போது மாற்றலாகி நம் ஊர்ப் பக்கத்துக் கிளைக்கு வந்திருக்கிறார். சாயங்காலத்தில் சும்மாதான் இருக்கிறாராம். "அண்ணே, அவரை பேக்கப் சென்டராப் போட்டுக்கலாமா?" என்று பையன்கள் கேட்கிறார்கள். சென்டர் என்றால் ரிங்குக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிற உயரமான ஆள், பேக்கப் என்றால் முதல் சென்டர் உட்காரும்போது இறங்குகிற மாற்று ஆள். கமிட்டியில் பாதிப் பேர் "அந்த உயரத்தை விடலாமா" என்கிறார்கள். மீதிப் பேர் "முட்டி தேய்ந்த ஆளை வைத்து என்ன செய்வது" என்கிறார்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கப் போகிறவரை ஒரு முடிவும் வராது.

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை என்று இந்த வட்டாரத்தில் கூடைப்பந்து கிளப் நடத்துகிற யாருக்கும் இந்தப் பேச்சு புதிதில்லை. ஆறடி மூன்றுக்கு மேல் ஒரு பையன் கிடைப்பதே இங்கே அபூர்வம். கிடைத்தாலும் ப்ளஸ் டூ முடிந்த கையோடு சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு கல்லூரி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கொத்திக்கொண்டு போய்விடும். அதனால் உயரம் நம்மிடம் வருவதெல்லாம் திரும்பி வரும் வழியில்தான். வேலை மாற்றலில் வருவார்கள், சொந்த ஊரில் வீடு கட்ட வருவார்கள், அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருவார்கள். அதிலும் பேங்க் ஆட்டக்காரர்கள் அதிகம். பேங்குக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவுதானே. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் 1937 பிப்ரவரி 10ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரில் ஒரே நாளில் கதவைத் திறந்தது. அந்த பேங்கின் கூடைப்பந்து அணியைத் தெரியாத ஆட்டக்காரர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்.

நான் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலமானால் கிளப் மேனேஜர். "பழசை வாங்கிப்போடுறதுதானே உங்க தொழில்" என்று கமிட்டியில் கேலி செய்வார்கள். பர்மா தேக்குத் தூண் நின்ற இடத்தில் நின்றால் போதும், அதை யாரும் ஓடச் சொல்வதில்லை. சென்டர் ஓடியாக வேண்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்க்கலாம். ஆனால் அந்த முடிவை உயரத்தைப் பார்த்தும் எடுக்கக் கூடாது, வயதைப் பார்த்தும் எடுக்கக் கூடாது. உங்கள் அணியில் எத்தனை நிமிடம் ஓட்டை இருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த நிமிடங்களை அவர் உடம்பு இரண்டாம் நாளும் தாங்குமா என்று பாருங்கள். மற்ற பேச்செல்லாம் அதற்கப்புறம்.

ஓட்டையை எண்ணுவது

போன சீசன் ஸ்கோர் ஷீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒழுங்காக எழுதப்பட்ட ஷீட்டில் முதல், மூன்றாம் குவார்ட்டர் (பத்து நிமிடக் கால் பகுதி) சிவப்பு மையிலும், இரண்டாம், நான்காம் குவார்ட்டர் நீலத்திலோ கறுப்பிலோ இருக்கும். உங்கள் முதல் சென்டரின் பெயருக்கு நேரே ஃபவுல் கட்டங்களைப் பாருங்கள். முதல் இரண்டு கட்டமும் சிவப்பாக இருந்தால், முதல் பத்து நிமிடத்துக்குள்ளேயே அவன் இரண்டு ஃபவுல் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். நம் கைக்கு வருகிற கார்பன் காப்பியில் மை நிறம் தெரியாது. ஆகவே ஆட்டம் முடிந்ததும் ஸ்கோரர் மேசைக்குப் போய் ஒரிஜினலை போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. இதை நான் எல்லா மேனேஜரிடமும் சொல்வேன், யாரும் செய்வதில்லை.

ஆட்டம் 40 நிமிடம். நல்ல உடம்புள்ள இருபத்திரண்டு வயது சென்டர், தொடர்ந்து மூன்று நாள் போட்டி என்றால், ஆட்டத்துக்கு 28 நிமிடம் உருப்படியாக ஆடுவான். அதற்கு மேல் ஆடவிட்டால் கடைசி ஐந்து நிமிடத்தில் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொள்வான். மீதி 12 நிமிடம்தான் உங்கள் ஓட்டை. ஃபவுல் தொல்லை உள்ள பையன் என்றால் 15 வரை போகும்.

இந்த எண் ஆறுக்குக் கீழே வந்தால் வெளியாள் யாரும் வேண்டாம். உயரமான ஃபார்வர்டை உள்ளே நிறுத்திச் சமாளித்துவிடலாம். எட்டிலிருந்து பதினான்கு வரை வந்தால் மூத்த சென்டருக்கு என்றே அளந்து வைத்த வேலை. பதினெட்டு, இருபது என்று வந்தால் உங்களுக்கு வேண்டியது பேக்கப் இல்லை, முதல் சென்டர். அந்த வேலையை நாற்பது வயது ஆளின் தலையில் கட்டினால் அவரும் போவார், போட்டியும் போகும்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2008இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி தொடர்ந்து 22 ஆட்டம் ஜெயித்தது. அதில் 12 ஆட்டம் முடிந்த நிலையில் முதல் சென்டர் யாவ் மிங் கால் எலும்பு முறிவால் சீசனை விட்டே வெளியேறினார். மீதிப் பத்தையும் ஜெயித்தபோது சென்டரில் நின்றவர் டிக்கெம்பே முட்டாம்போ, வயது 41. மூத்த பேக்கப் வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் எல்லாரும் இதைச் சொல்வார்கள். அடுத்த வருடம் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2009 ஏப்ரலில் போர்ட்லண்டுக்கு எதிரான பிளேஆஃப் இரண்டாம் ஆட்டத்தில் அவர் முட்டி போய்விட்டது, ஆட்ட வாழ்க்கை அன்றோடு முடிந்தது. மூத்த சென்டரைச் சேர்ப்பதென்றால் இந்த இரண்டு வருடத்தையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

விதிகள் யார் பக்கம்?

டிவியில் என்.பி.ஏ. பார்த்துவிட்டு "இந்தக் காலத்தில் நின்ற இடத்தில் நிற்கிற சென்டருக்கு வேலை இல்லை" என்று பையன்கள் சொல்வார்கள். அங்கே அது பாதி உண்மை. எதிராளி யாரையும் ஒட்டிக் காக்காமல் பெயின்டுக்குள் (ரிங்குக்கு முன்னால் உள்ள கட்டம்) மூன்று நொடிக்கு மேல் டிஃபெண்டர் நிற்கக் கூடாது என்று என்.பி.ஏ.வில் விதி இருக்கிறது. நாம் ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதியில். அதில் தாக்குகிறவருக்குத்தான் மூன்று நொடி. காக்கிறவர் 24 நொடியும் ரிங்குக்கு அடியிலேயே நிற்கலாம். 2-3 ஜோன் (ஆளுக்கு ஆள் என்றில்லாமல், முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் என்று இடத்தைக் காப்பது) போட்டு நடுவில் ஒரு ஆறடி ஐந்தை நிறுத்தினால் எதிரணி கார்டுகள் (பந்தைத் தட்டிக்கொண்டு வருகிற வெளி ஆட்டக்காரர்கள்) ரிங் பக்கத்தில் லே-அப் போட வரும்போது இரண்டு தடவை யோசிப்பார்கள். அவர் குதிக்கவே வேண்டாம், கையைத் தூக்கினால் போதும்.

இன்னொன்று. பந்து ரிங்கில் பட்டுவிட்டால், அது மேலே ஆடிக்கொண்டிருக்கும்போதே தட்டிவிட நம் விதி இடம் கொடுக்கிறது. 3.05 மீட்டர் உயரத்துக்கு நாற்பத்தொரு வயதில் கை எட்டுமா என்பது வேறு விஷயம். எட்டினால் ஆட்டத்துக்கு இரண்டு பாயின்ட் மிச்சம்.

ஒரு விதி நமக்கு எதிராக இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. கடிகாரம் நின்றால்தான் ஆள் மாற்ற முடியும். கூடை விழுந்தால் கடிகாரம் நிற்காது. நான்காம் குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடமும் எக்ஸ்ட்ரா டைமின் கடைசி இரண்டு நிமிடமும்தான் விலக்கு. அண்ணனுக்கு மூச்சு வாங்குகிறது என்று பெஞ்சிலிருந்து உங்களுக்குத் தெரியும், மாற்று ஆளை மேசைக்கும் அனுப்பிவிடுவீர்கள். ஆனால் விசில் வராது. இரண்டு பக்கமும் ஓட்டம், கூடை, ஓட்டம், கூடை. அந்த ஒன்றரை நிமிடத்தில் எதிரணி மூன்று ஃபாஸ்ட் பிரேக் (நாம் திரும்புவதற்குள் ஓடிப் போடும் கூடை) அடித்திருக்கும். டைம் அவுட் கேட்கலாம், ஆனால் முதல் பாதிக்கு இரண்டுதான், இரண்டாம் பாதிக்கு மூன்று. மூத்த சென்டர் களத்தில் இருக்கும்போது முதல் பாதியில் ஒரு டைம் அவுட்டைத் தொடாமல் வைத்திருங்கள். அவர் களைப்பதற்கு முந்தின நிமிடத்திலேயே மாற்று ஆளை மேசையில் உட்காரவையுங்கள்.

சோதனை ஆட்டம் இரண்டு நாள், குறைக்க வேண்டாம்

சனிக்கிழமை சாயங்காலம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்று. நடுவில் ஒரு ராத்திரி இருக்க வேண்டும், அதுதான் சோதனையே. முதல் நாள் யாரும் ஏமாற்றிவிடலாம். ஆர்வம் இருக்கும், பையன்கள் சுற்றி நிற்பார்கள், வலி மாத்திரை ஒன்று உள்ளே போயிருக்கும். மாத்திரை போட்டால் இரண்டு நாளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

முதல் நாள் பார்க்க வேண்டியது திறமை இல்லை. இருபது வருடம் ஆடியவருக்கு ஹூக் ஷாட் மறந்திருக்காது. ஐந்து விஷயம் பார்ப்பேன்.

பாக்ஸ் அவுட்தான், அதாவது எதிராளியை முதுகால் தடுத்து நிறுத்திப் பந்தை எடுப்பதுதான் முதலாவது, எனக்கு அதுவே பாதி முடிவு. கிளப்பிலேயே நன்றாகக் குதிக்கிற பத்தொன்பது வயதுப் பையனை அவர் பின்னால் நிறுத்தி, சைடிலிருந்து ஷாட் போடச் சொல்வோம். நமக்கு வந்த பேங்க் அண்ணன் செய்ததைச் சொல்கிறேன். ஷாட் கையை விட்டதும் எல்லார் கண்ணும் பந்து மேல் போனது, அவர் கண் மட்டும் போகவில்லை. அரை அடி திரும்பி, இடது முழங்கையால் பையனின் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தொட்ட இடத்திலேயே பின்பக்கத்தை அவன் தொடை மேல் வைத்து உட்காருகிற மாதிரி முட்டியை மடக்கினார். பையன் ஒரு தடவை குதித்தான், அவர் முதுகில் மோதிக் கீழே வந்தான். திரும்பவும் குதித்தான். பந்து ரிங்கில் பட்டு, சிமென்ட் தரையில் ஒரு தடவை எகிறி, நேராக அவர் இரண்டு கைக்குள் வந்து விழுந்தது. அவர் பாதம் தரையை விட்டு எழவே இல்லை. பையன் என்னைப் பார்த்து "ஃபவுல்ணே" என்றான். ஃபவுல் இல்லை. அந்த ஒரு பந்துக்காக ஆளைச் சேர்க்கலாம். ஏனென்றால் முட்டி தேய்ந்தாலும் இந்தப் பழக்கம் தேயாது.

இரண்டாவது, திரும்பி ஓடுவது. கோர்ட் நீளம் 28 மீட்டர். ரிங் அடியிலிருந்து ரிங் அடிக்கு ஐந்து தடவை, நடுவே இருபது நொடி ஓய்வு, கையில் போன் ஸ்டாப் வாட்ச். எவ்வளவு வேகம் என்று பார்க்க வேண்டாம். முதல் ஓட்டத்துக்கும் ஐந்தாவதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு நொடிக்கு மேல் போனால் அவருக்குத் தொடர்ந்து நான்கு நிமிடம்கூட அதிகம்.

மூன்றாவது, தரையிறங்கும் சத்தம். கண்ணை மூடிக்கொண்டுகூட இதைப் பார்க்கலாம். இரண்டு காலும் சேர்ந்து ஒரே சத்தமாக விழுந்தால் சரி. 'தட்-டம்' என்று இரண்டாக விழுந்தால் ஒரு காலைக் காப்பாற்றுகிறார்.

நான்காவது, ஓட்டம் முடிந்த கையோடு பத்து ஃப்ரீ த்ரோ. வயசாளி சென்டரை எதிரணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யும். களைப்பில் பத்தில் ஐந்துகூடப் போடாதவர் கடைசிக் குவார்ட்டரில் களத்தில் நிற்கக் கூடாது.

கடைசியாக வாய். டிஃபென்ஸில் பேசுகிறாரா? சென்டருக்கு மட்டும்தான் கோர்ட் முழுக்க முகத்துக்கு முன்னால் இருக்கிறது. "லெஃப்ட்ல ஸ்கிரீன்!", "கட்டர் வர்றான், விடாதே!", "கார்னர், கார்னர்!" என்று ஒருத்தர் விடாமல் கத்திக்கொண்டிருந்தால் நம் கார்டுகளுக்கு முதுகிலும் கண் வந்துவிடும். எங்கள் பையன்கள் ஊமை மாதிரி ஆடுவார்கள். பேங்க் அண்ணன் வந்த முதல் நாளே கோர்ட்டில் சந்தைச் சத்தம்.

இனி ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் தங்கியிருக்கிற வீட்டுக்கு நீங்களே போய்க் கூட்டி வாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் திண்ணை உயரம், இறங்க மூன்று படியாவது இருக்கும். அவர் அந்தப் படியில் இறங்குவதைப் பாருங்கள். நேராக, ஒரு படிக்கு ஒரு கால் என்று இறங்கினால் நல்லது. பக்கவாட்டில் திரும்பி, சுவரில் கை வைத்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினால் முட்டி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று அர்த்தம். குதிகால் தசைநார் பழுதுபட்டவருக்குக் காலையில் முதல் சில அடிகள்தான் கஷ்டம், சூடேறினால் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அதனால்தான் கோர்ட்டுக்கு வந்தபிறகு பார்த்தால் தெரியாது, வீட்டிலேயே பார்க்க வேண்டும்.

பேங்க் அண்ணன் முதல் படியில் கொஞ்சம் தயங்கினார், மீதியை நேராக இறங்கினார். அரை மணி நேரம் வார்ம் அப் செய்தார், பையன்களுக்குப் பொறுமை போய்விட்டது. அதன் பிறகு முந்தின நாள் ஆடியதில் பத்தில் எட்டுப் பங்கு ஆடினார். எனக்கு அது போதும். அவருக்கு முந்தி வேறொரு ஊரிலிருந்து வந்தவர் சனிக்கிழமை ரெண்டு டங்க் அடித்துக் காட்டி, ஊரே கைதட்டி, ஞாயிற்றுக்கிழமை முட்டி பலாக்கொட்டை மாதிரி வீங்கி வந்தார். "பஸ்ஸில் உட்கார்ந்து வந்தது" என்றார். சாப்பாடு போட்டு, டிக்கெட் எடுத்துக் கொடுத்து, மரியாதையாக அனுப்பினோம்.

உடம்பு விஷயம்

ஆட்டம் பார்ப்பதோடு டாக்டரையும் பார்க்க வேண்டும். நாற்பது தாண்டினவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. மூன்றும் பார்க்காமல் களத்தில் இறக்காதீர்கள். நெஞ்சில் பிடிப்பு, வழக்கத்துக்கு மீறின மூச்சுத் திணறல் என்று அவர் வாயிலிருந்து வந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, வண்டி நேரே ஆஸ்பத்திரிக்கு. இதில் கமிட்டி கூட்டிப் பேச ஒன்றுமில்லை.

நம் கோர்ட்டுகள் பெரும்பாலும் சிமென்ட், மரத்தளம் இல்லை. முட்டிக்கும் குதிகாலுக்கும் சிமென்ட் இரக்கம் காட்டாது. ஆகவே வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சிதான் அவருக்கு, அதுவும் அடுத்தடுத்த நாளில் வேண்டாம். மீதி நாளில் வந்தால் கோர்ட் ஓரத்தில் நின்று பையன்களுக்கு போஸ்ட் மூவ் சொல்லிக்கொடுக்கட்டும். சித்திரை, வைகாசியில் இங்கே இருக்கும் வெயில் உங்களுக்குத் தெரியும். பகல் ஆட்டம் என்றால் அவர் நிமிடத்தைப் பாதியாக்குங்கள், ஃப்ளட் லைட் ஆட்டம் என்றால் முழுசாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் சாப்பாடு. வெளியூர் ஆள் செட்டிநாட்டுக்கு வந்தால் எல்லார் வீட்டிலும் விருந்து வைப்பார்கள். ஆட்டத்தன்று மத்தியானம் யாராவது ஒரு ஆச்சி கூப்பிட்டு உட்காரவைத்து, கோழி, நண்டு, அதற்கு மேல் கவுனி அரிசி என்று இலை நிரப்பினால் ராத்திரி எட்டு மணி ஆட்டத்தில் அவர் சென்டரில் இல்லை, நடுவில் கிடக்கிற பெஞ்சு. அன்றைக்கு இடியாப்பம், முட்டை, வாழைப்பழம் போதும். ஆட்டம் முடிந்தபிறகு ஆச்சி வீட்டுக்கு அழைத்துப் போங்கள், மறுக்க வேண்டாம்.

பேச்சு

சோதனையில் தேறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பணப் பேச்சுக்கு முன்னால் நிமிடப் பேச்சு. தனியாக உட்கார்ந்து, பையன்கள் இல்லாத இடத்தில் பேசுங்கள்.

"அண்ணே, ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம்தான் தருவோம்."

"சரி தம்பி. ஃபைனல்னா?"

"ஃபைனல்னாலும் அதேதான். ஆரம்பத்துல நீங்க இறங்க மாட்டீங்க."

இந்த இடத்தில் முகத்தைப் பாருங்கள். சிரித்தால் வேலை முடிந்தது. "பார்க்கலாம், அப்ப சூழ்நிலை எப்படியோ" என்றால் மூன்றாவது ஆட்டத்தில் பெஞ்சில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பையன்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெஞ்சில் முறைக்கிற பெரியவர் ஒருத்தர் இருந்தால் பன்னிரண்டு பேர் அணி கெட்டுவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு. மயாமி ஹீட் அணியில் யூடோனிஸ் ஹாஸ்லம் 2023 வரை 20 சீசன் இருந்தார். 2020-21 சீசனில் ஒரே ஒரு ஆட்டம், அதுவும் மூன்று நிமிடம்கூட முழுதாக இல்லை. ஆனாலும் அணி விடவில்லை. பெஞ்சில் அவர் சொல் எடுபட்டது, அவ்வளவுதான். நம் கிளப்புக்கு அப்படி ஆடாத ஆளை வைத்துக்கொள்ள வசதியில்லை. ஆனால் பன்னிரண்டு நிமிடம் ஆடி, மீதி 28 நிமிடம் பையன் காதில் சொல்லிக்கொடுக்கிறவர் கிடைத்தால் அது இரட்டை வரவு.

பணத்தை மொத்தமாகப் பேசாதீர்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு, போக்குவரத்து தனி, தங்கும் இடமும் சாப்பாடும் நம் பொறுப்பு. சென்னையிலிருந்து வருகிறவர் என்றால் பல்லவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், அது காரைக்குடி வரை வந்து நிற்கிற வண்டி. கால் நீட்ட இடமுள்ள இருக்கையாகப் பாருங்கள், ராத்திரி பஸ் வேண்டவே வேண்டாம். அடிபட்டால் சிகிச்சைச் செலவு யார் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். எங்கள் கிளப்பில் அது கிளப் செலவு. அந்தத் தொகையை ஒதுக்க முடியாவிட்டால் ஆளையும் கூப்பிடக் கூடாது.

மறுபரிசீலனைக்கு ஒரு தேதி வையுங்கள். என்.பி.ஏ.வில் உறுதி கொடுக்காத ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரரை முன்னதாகவே விடுவிக்காவிட்டால், ஜனவரி 10இல் சீசன் முழுச் சம்பளமும் உறுதியாகிவிடும். அதனால் எல்லா அணியும் அந்தத் தேதிக்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்கும். அங்கே இன்னொரு வசதியும் உண்டு. மூத்த ஆட்டக்காரர் ஒரு வருடக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வந்தால், இரண்டு வருட அனுபவக்காரருக்கு ஆகும் தொகைதான் அணிக் கணக்கில் ஏறும், மிச்சத்தை லீக் கொடுத்துவிடும். அனுபவத்துக்கு விலை அதிகம் என்று மூத்தவர்களை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. நமக்கு மிச்சம் கொடுக்க எந்த லீக்கும் இல்லை. பொங்கல் போட்டிகள் முடிந்த வாரத்தைத் தேதியாக வைத்துக்கொள்ளலாம். மே மாதம் பெரியகுளம் அகில இந்தியப் போட்டி மாதிரி பெரிய ஆட்டங்களைப் பார்க்கப் போகிறபோது, மாற்று ஆள் யாராவது கண்ணில் படுவார்களா என்றும் பார்த்து வைக்கலாம்.

பையனை விட்டுவிடாதீர்கள்

இங்கேதான் கிளப்புகள் சறுக்குகின்றன. பெரியவர் வந்துவிட்டார் என்று, மூன்றாவது சென்டராக வளர்ந்துகொண்டிருக்கும் பதினேழு வயதுப் பையனை அணிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். 2011 பிப்ரவரியில் பாஸ்டன் செல்டிக்ஸ் தங்கள் சென்டர் கெண்ட்ரிக் பெர்கின்ஸை ஓக்லஹோமா சிட்டிக்குக் கொடுத்துவிட்டது. ஷகீல் ஓ'நீல் இருக்கிறார் என்ற தைரியம் அதில் பெரும்பங்கு. அவருக்கு அடுத்த மாதம் 39 வயது முடிந்தது. காலில் காயம். அந்த சீசனில் மொத்தம் 37 ஆட்டம்தான் ஆடினார். பிளேஆஃப் இரண்டாம் சுற்றில் மயாமியிடம் 4-1 என்று தோற்றபோது உள்ளே நிலைத்து நிற்க அவரால் முடியவில்லை. அதோடு அவர் ஓய்வும் அறிவித்துவிட்டார்.

விதிப்படி பன்னிரண்டு பேரை எழுதலாம் என்றால் பையன் பெயரைப் பன்னிரண்டாவதாக எழுதுங்கள். போட்டி நடத்துகிறவர்கள் பத்துப் பேர்தான் என்று சொன்னால் ஆறாவது கார்டை எடுத்துவிட்டுப் பையனை வையுங்கள். ஜெயித்துக்கொண்டிருக்கிற ஆட்டத்தில் கடைசி மூன்று நிமிடம் அவனுக்கு. பயிற்சியில் அவன் எப்போதும் பெரியவரோடு ஜோடி, முதல் சென்டரோடு இல்லை.

களத்தில் எப்போது?

முதல் குவார்ட்டரின் கடைசி மூன்று நிமிடம், இரண்டாவதின் முதல் மூன்று நிமிடம். நடுவே இடைவேளை இரண்டு நிமிடம் கிடைப்பதால் மூச்சு வாங்கிக்கொள்வார். மூன்றாவது குவார்ட்டரில் உடம்பு ஆறிப்போயிருக்கும், பாதியிலிருந்து சைடில் சைக்கிள் மிதிக்கிற மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருக்கச் சொல்லி, முடிவில் மூன்று நிமிடம். நான்காவதில் ஸ்கோரைப் பொறுத்து. அவர் உள்ளே இருக்கும்போது ஜோன்தான், மேன் டு மேன் வேண்டாம். எதிரணியில் 6.75 மீட்டர் மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே நின்று போடுகிற சென்டர் இருந்தால் நம் அண்ணனை வெளியே இழுத்துக் கந்தலாக்கிவிடுவார்கள். அன்றைக்குப் பன்னிரண்டு நிமிடம் ஐந்தாகிவிடும், இதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எப்போது வேண்டாம் என்று சொல்வது? ஞாயிற்றுக்கிழமை முட்டி வீங்கினால். டாக்டர் வேண்டாமென்று தலையை ஆட்டினால். நிமிடப் பேச்சில் முகம் சுருங்கினால். உங்கள் அணி ஓடி ஆடுகிற அணியாக இருந்து, ஐந்து பேரும் ஃபாஸ்ட் பிரேக்கை நம்பியிருந்தால், அப்போதும் வேண்டாம். நல்ல சென்டரை வைத்து நல்ல வேகத்தைக் கெடுத்துக்கொள்வீர்கள். மற்றபடி நரை, தொப்பை, முட்டிக் கட்டு, இதற்கெல்லாம் பயப்பட ஒன்றுமில்லை.

அலுவலக அணியில் பெயர் உள்ளவர் என்றால் அங்கே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாய்ச்சொல் போதாது, எதிரணி ஆட்சேபம் எழுப்பினால் ஜெயித்த ஆட்டமும் கைவிட்டுப் போகும். சில போட்டிகளில் வெளியூர் ஆள் இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடும் உண்டு, நுழைவுப் படிவத்தைப் பின்பக்கம் வரை படியுங்கள். கடிதத்தைக் கிளப் லெட்டர்பேடில் நீங்களே அடித்து, போட்டி நடக்கும் தேதிகளைக் குறிப்பிட்டு, இரண்டு நகல் எடுத்து, மத்தியானச் சாப்பாட்டு நேரம் தவிர்த்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒன்றில் சீல் வைத்து வாங்கி ஸ்கோர் ஷீட் ஃபைலிலேயே போட்டுவைத்தால் போட்டியன்று தேட வேண்டியதில்லை.